மாரா ஆற்றைக் கடக்கும் காட்சிக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது

கேள்வி: ஆகஸ்டில் நானும் கணவரும் கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்குப் போகிறோம். வில்டபீஸ்ட் (மாடு போலிருக்கும் பெரிய மான் இனம்) கூட்டம் மாரா ஆற்றைக் கடப்பதைக் கண்டிப்பாகக் காட்டுவதாக ஏஜென்ட் சொல்கிறார். விலையும் மற்றவர்கள் கேட்பதில் பாதிதான். நம்பலாமா?

பதில்: அந்தக் ‘கண்டிப்பாக’வை நம்பாதீர்கள். ஆகஸ்ட் நல்ல மாதம்தான், பக்கத்திலுள்ள தான்சானியாவின் செரங்கெட்டியிலிருந்து மந்தைகள் வந்திருக்கும். ஆனால் ஆயிரக்கணக்கில் கரையில் வந்து நிற்கும். முன்னால் நிற்பது சரிவில் இறங்கி, தண்ணீரை முகர்ந்துவிட்டுத் திரும்பி ஏறும்; மொத்தக் கூட்டமும் பின்வாங்கிவிடும். மந்தை கரையேறும் வழியைச் சுற்றுலா வண்டிகள் அடைத்து நின்றாலும் இதே கதைதான். ‘இன்னும் கிட்டே போ’ என்று டிரைவரை நெருக்காதீர்கள். நுழைவுக் கட்டணத்தை ஏற்றுவதில் காப்பக நிர்வாகத்துக்கு இருக்கும் வேகம் ஆற்றங்கரையில் வண்டிகளை ஒழுங்குபடுத்துவதில் இல்லையே என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

பாதி விலைக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்: நுழைவுக் கட்டணம் சேர்த்திருக்காது. ஜூலை முதல் டிசம்பர் வரை வெளிநாட்டவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 200 டாலர். இரண்டு நாளென்றால் உங்கள் இருவருக்கும் 800 டாலர். வாசலில் போய் நின்றபிறகு தெரிந்தால் என்ன செய்வீர்கள்? அதோடு, ‘மாரா லாட்ஜ்’ என்று போட்டிருப்பது காப்பகத்தின் செகனானி வாசலுக்கு வெளியே இருக்கலாம். காப்பகத்துக்குள் தங்குகிறவர்கள் கிளம்பும் நாளில் காலை 10 மணிக்குள் வெளியேற வேண்டும், தாமதித்தால் இன்னொரு நாள் கட்டணம். எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தர மறுப்பவரை விட்டுவிடுங்கள்.

வெளியே தங்குவதே தப்பு என்று சொல்லவில்லை. நபோய்ஷோ, மாரா நார்த் போன்ற கன்சர்வன்சிகளும் (தனியார் நிலத்தில் அமைந்த வனவிலங்குப் பகுதிகள்) வெளியேதான் இருக்கின்றன. அங்கே வாழும் மசாய் இனக் குடும்பங்கள் தங்கள் நிலத்தைச் சுற்றுலாக் கேம்ப்களுக்குக் குத்தகைக்கு விட்டு, அதற்கு வாடகை வாங்குகின்றன. அந்த வருமானம் இருப்பதால்தான் அந்த நிலம் வேலி போட்டுத் துண்டாகாமல் விலங்குகளுக்கு மிஞ்சுகிறது. வண்டிக் கூட்டம் குறைவு, இரவிலும் சுற்றலாம். வசதி இருந்தால் நான் அங்கேதான் போகச் சொல்வேன். ஆனால் அது விலை கூடிய இடம். பாதி விலைக்காரர் அதைத் தரமாட்டார்.

மசாய் கிராமம் பார்க்கப் போனால் பணத்தை டிரைவர் கையில் கொடுக்காதீர்கள். கிராமத்துப் பெரியவரிடம் நேராகக் கொடுங்கள்.

அப்புறம், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டுச் சான்றிதழ் வாங்குங்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். அது இல்லாமல் கென்யாவிலிருந்து நேராக இந்தியா திரும்பினால் 6 நாள் வரை தனிமைப்படுத்துவார்கள்.