ரீச்சரிடம் கேளுங்கள்: சேமக்காலைக்கு (கல்லறைத் தோட்டத்துக்கு)ப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

கேள்வி: அன்பின் ரீச்சர், வருகிற நவம்பர் 2ஆம் திகதி, ஆத்துமாக்களின் நாளில், அப்பாவின் கல்லறைக்குப் பிள்ளைகளையும் கூட்டிப்போக விரும்புகிறேன். மகளுக்கு 9 வயது, மகனுக்கு 5. அப்பா போய் இது முதல் வருடம். "சின்னப் பிள்ளையள் சவக்காலைக்குப் போனால் பயந்துபோகும்" என்று மாமி மறிக்கிறா. மகனோ "அம்மப்பா எப்ப எழும்புவார்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். என்ன செய்யட்டும்?
- ஒரு வாசகி, பாசையூர்

பதில்: கூட்டிக்கொண்டு போங்கோ, தங்கச்சி. ஆனால் அதற்கு முதல் மகனின் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். அம்மப்பா நித்திரை என்று யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். எனக்கும் அந்த வயதில் அப்படித்தான் சொன்னார்கள். மழை கொட்டிய ஓர் இரவு, அம்மப்பா நனைவார், குடை கொண்டுபோவோம் என்று நான் அழுத அழுகையில் வீடே எழும்பிவிட்டது. பிறகு பல நாள் கண்ணை மூடவே பயந்தேன். நித்திரை கொண்டால் என்னையும் பெட்டிக்குள் வைத்துவிடுவார்களோ என்ற பயம்.

ஆகவே 'செத்துப்போனார்' என்றே சொல்லுங்கள். அவருக்கு இனிப் பசிக்காது, நோகாது, குளிராது, ஆத்துமா ஆண்டவரிடம் போய்விட்டது என்று சொல்லுங்கள். ஐந்து வயதுக்கு இது விளங்கும். நாளைக்கும் அதையே கேட்பான். நாளைக்கும் அதையே சொல்லுங்கள்.

அப்புறம், 2ஆம் திகதி சனத்துக்குள் முதன்முதலாகக் கொண்டுபோக வேண்டாம். இரண்டு மூன்று நாள் முந்தி, புல்லுச் செருக்கப் போகும்போது கூட்டிப்போங்கள். கையில் வேலை இருக்கிற பிள்ளைக்குப் பயம் குறைவு. அப்பாவின் குழி இன்னும் மண்ணாகத்தான் இருக்கும். மகனிடம் சின்ன வாளி ஒன்றைக் கொடுத்தால் மழை கரைத்த இடத்துக்கு மணல் அள்ளிப் போடுவான். மகளைப் பூட்டன் பூட்டியின் கல்லறைக்கு விடுங்கள். பழைய பல் பிரஷ் ஒன்று போதும். வெட்டிய எழுத்துக்குள் பாசி அடைந்து கிடக்கும். அவள் தேய்க்கத் தேய்க்க முதலில் ஒரு கொம்பு, பிறகு ஒரு சுழி, பிறகு முழுப் பெயரும் வரும். பிறந்த திகதியையும் இறந்த திகதியையும் கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள். என் மகள் அப்படிக் கழித்துப் பார்த்துவிட்டு, "அம்மா, இவர் பதினொரு மாதம்தான் இருந்திருக்கிறார்" என்றாள். என் அம்மாவுக்கு ஒரு தம்பி இருந்ததை அன்றைக்குத்தான் அவள் அறிந்தாள்.

மாமியோடு சண்டை வேண்டாம். அவவின் தாய் தகப்பன் எங்கே அடக்கம் என்று கேட்டு, அதைப் பிள்ளைகளுக்குக் காட்ட வரச்சொல்லுங்கள். வாசலில் மகன் வரமாட்டேன் என்றால் இழுக்க வேண்டாம், யாராவது அவனோடு வெளியே நிற்கட்டும்.

மெழுகுதிரிக்குப் பாதிச் சிரட்டை கொண்டுபோங்கள், நவம்பர்க் காற்றுக்கு அது இல்லாமல் நிற்காது. இது என் அம்மாவிடம் பழகியது. 1995 அக்டோபர் 30ஆம் திகதி, போருக்குப் பயந்து, யாழ்ப்பாண நகரம் இருக்கிற வலிகாமத்தை விட்டு எல்லாரும் வெளிக்கிட்டோம். மூன்று நாள் கழித்து ஆத்துமாக்களின் நாள். தென்மராட்சியில், முன்பின் தெரியாத ஒருவரின் வளவில், மாமரத்துக்குக் கீழே இருந்தோம். கல்லறைகளெல்லாம் அங்கே, நாங்கள் இங்கே. அம்மா இரண்டு சிரட்டைக்குள் மெழுகுதிரித் துண்டு கொளுத்தி, யாழ்ப்பாணம் இருந்த பக்கம் பார்த்து வைத்தா. என் பிள்ளைகளை மடியோடு அணைத்துக்கொண்டு, கூழுக்குள் நண்டு இல்லாவிட்டால் பிலா இலையைத் தள்ளிவைக்கிற பெரியப்பாவைப் பற்றிச் சொன்னா. செபமாலையைத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு ஊரெல்லாம் தேடுகிற சின்னம்மாவைப் பற்றியும் சொன்னா. பிள்ளைகள் சிரித்தார்கள். இப்போதும் நவம்பர் வந்தால் மகள் அந்த இரண்டு சிரட்டையைத்தான் நினைத்துப் பேசுவாள்.

கேள்வி: ரீச்சர், நாங்கள் சைவம். அப்பாவைச் சுடலையில் எரித்துச் சாம்பலைக் கீரிமலைக் கடலில் கரைத்தோம். ஆடி அமாவாசைக்குத் தங்கச்சி கனடாவில் இருந்து பிள்ளைகளோடு வருகிறாள். கடைசிப் பிள்ளை அப்பா போன பிறகு பிறந்தவன். அவர்களுக்குக் காட்டக் கல்லறை இல்லையே?
- ஒரு வாசகர், கோண்டாவில்

பதில்: தம்பி, உங்களுக்குக் கீரிமலை இருக்கிறது. அமாவாசைக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கும்போது அந்தப் பிள்ளைகளைப் பக்கத்தில் நிற்க வையுங்கள். கடலில் கை நனைத்து நாக்கில் வைக்கட்டும், பிறகு மதிலுக்கு இந்தப் பக்கம் கேணித் தண்ணீரைத் தொட்டுப் பார்க்கட்டும். ஒன்று உப்பு, மற்றது நிலத்தடி ஊற்று. அம்மப்பாமார் முழுகின இடம் என்று சொல்லுங்கள். 1990இற்குப் பிறகு பல வருடம் அங்கே போகவே முடியாமல் இருந்ததையும் பெரிய பிள்ளைக்குச் சொல்லலாம்.

வீட்டுக்கு வந்து காத்தோட்டிக்காய்க் கறியோடு விரதச் சாப்பாடு. கசக்கும், ஒரு துண்டாவது சாப்பிடட்டும். அதற்குப் பிறகு அலுமாரியைத் திறந்து, அந்தியேட்டிச் சடங்குக்கு அடித்த கல்வெட்டை, அந்த நினைவுப் புத்தகத்தை, எடுங்கள். அப்பாவின் படமும் வம்சாவளியும் அதில் இருக்கும், பேரப்பிள்ளைகளின் பெயரும் இருக்கும். தமிழ் வாசிக்கத் தெரியாவிட்டால் தங்கள் பெயரை மட்டும் விரலால் தேடிக் கண்டுபிடிக்கட்டும். கடைசிப் பிள்ளையின் பெயர் அதில் இராது. ஒரு பேனையைக் கொடுங்கள், மற்றவர்களின் பெயருக்குக் கீழே அவனே எழுதட்டும்.