மதாம் து தெஃபானின் ஒரு மணி நேரம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் வாசகர் வட்டத்தில் அடுத்த மாதம் ஐரோப்பிய அறிவொளிக் காலம் பற்றிப் பேச இருக்கிறேன். அதற்காகப் பாரிஸ் சீமாட்டிகள் தங்கள் வரவேற்பறைகளில் நடத்திய சலோன்கள் என்ற அறிஞர் கூட்டங்களைப் பற்றி வாசித்தேன். மதாம் து தெஃபானின் வரவேற்பறையில் வோல்டேர், மொந்தெஸ்கியூ, தலம்பேர் என்று அக்காலச் சிந்தனையாளர்கள் எல்லோரும் வாராவாரம் கூடியிருக்கிறார்கள். இந்தப் பெண்களின் செல்வாக்கு உண்மையில் எவ்வளவு? பிரெஞ்சுப் புரட்சிக்கு இவர்கள்தான் விதை போட்டார்கள் எனலாமா? ஒன்று மட்டும் உறுத்துகிறது. இவ்வளவு பெரிய அறிவாளி, தன் உதவிக்கு இருந்த ழூலி என்ற பெண்ணை வெறும் பொறாமையால் வீட்டைவிட்டுத் துரத்தியிருக்கிறார். இதைப் பேச்சில் சொல்வதா, விட்டுவிடுவதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வேறொரு சமயம் வந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு இரண்டு வரியில் பதில் போட்டிருப்பேன். கொஞ்ச நாளாக இரவுகளில் நான் படித்துக்கொண்டிருப்பதே இந்த அம்மாளின் கடிதங்களைத்தான். நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள்.

புரட்சியை முதலில் முடித்துவிடுவோம். அவர் இறந்தது 1780இல். அந்த வீட்டிலிருந்து புரட்சி வெடித்த 1789ஐப் பார்த்தது எனக்குத் தெரிந்து அவருடைய நாய் டோன்டோன். அதுவும் அவர் நண்பரான ஆங்கில எழுத்தாளர் ஹொரேஸ் வால்போலின் பொறுப்பில் இங்கிலாந்தில் வளர்ந்து, கண்ணும் காதும் போய், அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே செத்துப்போனது. அவர் வீட்டுக்கு வந்தவர்களில் பிரபுக்களும் தூதர்களும் நீதிபதிகளும் நிறைய. அவர்களில் யாருக்கும் புரட்சி வேண்டியிருக்கவில்லை. அந்த அம்மாளுக்குக் கடவுள் நம்பிக்கை சிறுமியாக இருக்கும்போதே போய்விட்டது. அந்த இடத்தில் பகுத்தறிவை உட்கார வைக்கவும் அவருக்கு மனம் வரவில்லை. பகுத்தறிவைப் பரப்பப் பெரிய கலைக்களஞ்சியம் எழுதிய தலம்பேர் கூட்டத்தாரின் உபதேசம் அவருக்கு அலுப்பூட்டியது. ‘விதை போட்டார்கள்’ என்ற வாக்கியத்தைத் தயவுசெய்து அடித்துவிடுங்கள்.

அந்தப் பெயர்ப் பட்டியலையும்தான். வோல்டேர் 1750இல் பாரிஸைவிட்டுப் போனவர், சாகப்போகும் 1778இல்தான் திரும்பினார். வாராவாரம் எப்படி வருவார்? அவர்கள் இருவரின் நட்பு பெரும்பாலும் தபாலில் வாழ்ந்தது. மொந்தெஸ்கியூ 1755இலேயே காலமாகிவிட்டார். பெரிய பெயர்களை எல்லாம் ஒரே அறையில் உட்கார வைத்துப் படம் பிடிக்கும் ஆசை உங்களுக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும் இருக்கிறது. அதனால் மன்னிக்கிறேன்.

செல்வாக்கு? இருந்தது. 1754இல் தலம்பேரைப் பிரெஞ்சு அகாதெமி என்ற உயர் இலக்கியக் கழகத்துக்குள் கொண்டுவர அவர் ஆள் பிடித்து, கடிதம் எழுதி, பழைய நண்பர் எனோவையும் முடுக்கி, ஓட்டுச் சேகரித்தார். தலம்பேர் ஜெயித்தார். உங்கள் பேச்சுக்கு இந்த ஒரு உதாரணம் போதும்.

இனி அந்தப் ‘பொறாமை’.

நீங்கள் எழுதிய ‘வெறும்’தான் எனக்குக் கோபம் வரவழைத்தது. 1753, 54 வாக்கில் அவருக்குப் பார்வை போய்விட்டது. வயது ஐம்பத்தேழு. சென்-தொமினிக் தெருவில், புனித யோசேப்பு கன்னிமாடத்தை ஒட்டிய வீட்டில் குடியிருந்தார். மஞ்சள் பட்டில் தீ நிற ரிப்பன் வைத்த திரைகள் அந்த அறையின் பெருமை. அவற்றை இனி அவரால் பார்க்க முடியாது. இரவில் தூக்கமும் கிடையாது. அந்த நிலையில்தான் 1754இல் ழூலி த லெஸ்பினாஸை அழைத்துவருகிறார். ழூலி ஒரு சீமாட்டிக்கு மணத்துக்கு வெளியே பிறந்தவள். அவளுடைய தந்தை து தெஃபானின் சொந்தச் சகோதரர்தான் என்பது அறிஞர்கள் பலரின் முடிவு. அதாவது சகோதரரின் மகள். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது. வருவதற்கு முன்பே அத்தை ஒரு கடிதத்தில் எச்சரித்திருக்கிறார்: நான் இயல்பிலேயே சந்தேகப் பிராணி, என்னிடம் துளி சூதும் கூடாது.

பத்து வருடம். இரவு முழுக்க ழூலி வாசித்துக்காட்டுவாள். விடிந்த பிறகு இருவரும் தூங்குவார்கள். அம்மாள் எழுந்து வெளியே வர மாலை ஆறு ஆகும். வருகிறவர்கள் ஒரு மணி நேரம் முன்னதாக வந்து, ழூலியின் சின்ன அறையில் உட்கார்ந்து பேசத் தொடங்கினார்கள். தலம்பேர், துர்கோ, மர்மொந்தேல். அப்புறம்தான் அம்மாளின் அறைக்குப் போவார்கள். 1764இல் விஷயம் வெளியே வந்தது. அன்றோடு சரி.

என் அப்பாவின் அத்தை ஒருவர் கடைசிக் காலத்தில் எங்கள் வீட்டில்தான் இருந்தார். கண்ணில் நீர் அழுத்தம் வந்து பார்வை போனவர். வாரப் பத்திரிகை வந்ததும் என் அண்ணன்தான் அவருக்குத் தொடர்கதை படித்துக்காட்ட வேண்டும். அண்ணனுக்குப் பொறுமை கிடையாது, கடையிலிருந்து வரும் வழியிலேயே படித்து முடித்துவிடுவான். அத்தைப்பாட்டிக்கு இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும். அவன் குரலில் அடுத்து என்ன என்ற பதைப்பு இருக்காதே. “நீ தின்னுட்டு எச்சிலத்தானே எனக்குத் தர்றே?” என்பார். அந்த வாரக் கதையை அதற்குப் பிறகு கேட்கவே மாட்டார். எத்தனை கெஞ்சினாலும்.

ஆறு மணிக்கு து தெஃபானுக்குக் கிடைத்தது அதுதான். அந்த நாளின் செய்தி, வம்பு, புதிதாய்த் தோன்றிய நையாண்டி, எல்லாம் ஒரு தடவை சொல்லப்பட்டு, ஒரு தடவை சிரிக்கப்பட்டு வந்து சேர்ந்தது. கண் இருப்பவருக்கு முகம் இருக்கிறது, உடை இருக்கிறது, யார் யாரைப் பார்க்கிறார்கள் என்பது இருக்கிறது. அவருக்குப் பேச்சைத் தவிர வேறு ஒன்றும் கிடையாது. பேச்சை முதல் தடவை கேட்பதற்காகத்தான் அவர் பகல் முழுக்கத் தூங்கினார். ஒரு குருடியின் காதை ஏமாற்றிவிடலாம் என்று பாரிஸின் தலைசிறந்த மூளைகள் நினைத்திருக்கின்றன பாருங்கள். உலகத்துக்கே உண்மையைச் சொல்லக் கிளம்பியவர்கள், மாடிப்படியில் சத்தமில்லாமல் நடந்திருக்கிறார்கள்.

ழூலியைக் குறை சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சொந்த ரத்தத்தைப் பின்னறையில் வைத்து, இரவெல்லாம் வாசிக்கச் சொல்லி, உறவு என்ற பெயரையும் தராமல் இருந்தால் அவள் ஒரு மணி நேரத்தைத் திருடத்தான் செய்வாள். நானாக இருந்தால் இரண்டு மணி நேரம் திருடியிருப்பேன். அவளையா, என்னையா என்று அம்மாள் கேட்டபோது தலம்பேர் அவளைத் தேர்ந்தெடுத்தார். மதாம் தான்ஸேன் என்ற இன்னொரு சலோன் சீமாட்டி பெற்று, தேவாலய வாசலில் விடப்பட்ட பிள்ளை அவர். ழூலியின் நிலைமை அவருக்குப் புரியாமல் யாருக்குப் புரியும்? அம்மாள் ஓட்டுச் சேகரித்ததெல்லாம் அங்கே நிற்குமா? கூப்பிடு தூரத்திலேயே ழூலி தனி வீடு பார்த்தாள். நண்பர்கள் நாற்காலி, மேசை கொண்டுவந்து போட்டார்கள். அறிவொளி அந்த வீட்டுக்குக் குடிபெயர்ந்தது. 1776இல் ழூலி இறந்தபோதுகூட அத்தையின் மனம் இளகவில்லை. பதினைந்து வருடம் முன்பே செத்திருந்தால் தலம்பேர் எனக்கு மிஞ்சியிருப்பார் என்றாராம். கல் நெஞ்சுதான். நான் வக்காலத்து வாங்கவில்லை.

ஆனால் அடுத்து நடந்ததை நீங்கள் வாசித்த புத்தகம் சொல்லவில்லை போலிருக்கிறது. 1765இல் வால்போல் பாரிஸ் வருகிறார். அவரும் தலம்பேரைப் போல 1717இல் பிறந்தவர். அம்மாளுக்கு எழுபது நெருங்குகிறது. காதல் என்றுதான் சொல்ல வேண்டும். வால்போலுக்கோ வெட்கம். கடிதத்தை யாராவது பிரித்துப் படித்துச் சிரிப்பார்களே என்ற பயம். உணர்ச்சி வேண்டாம் என்று அதட்டுவார். தன் கடிதங்களைத் திருப்பி வாங்கிக்கொண்டார், அவற்றில் பெரும்பகுதி இன்று இல்லை. அவர் ஒளிக்க நினைத்த அந்த நட்பிலிருந்து அம்மாளின் கடிதங்கள் 800க்கு மேல் தப்பின. பெரும்பாலும் வியார் என்ற வேலைக்காரரிடம் வாயால் சொல்லி எழுதவைத்தவை. தன் சலிப்பை இவ்வளவு சுத்தமான உரைநடையில் சொன்னவர்களை நான் அதிகம் படித்ததில்லை. கடைசிக் கடிதத்தில்கூடக் கெஞ்சல் இல்லை: நான் போனால் வருந்துவீர்கள், நம்மை ஒருவர் நேசிக்கிறார் என்று தெரிவது யாருக்கும் பிடிக்கும் அல்லவா, என்கிறார்.

நீங்களோ அவரை விருந்தாளிகளின் பட்டியலை வைத்து அளக்கிறீர்கள். வந்தவர்கள் யார் என்பதை விடுங்கள். உங்கள் பேச்சுக்கு அந்தக் கடிதங்களில் ஏதாவது ஒன்றை எடுத்து, வட்டத்தில் சத்தமாக வாசியுங்கள். ழூலி கதையையும் சொல்லுங்கள். ‘வெறும்’ மட்டும் வேண்டாம்.