பரிசோதனை ஐந்து நிமிடம், ஆபரேஷனுக்கு என்ன அவசரம்?

கேள்வி: வயது 42. கம்பத்திலிருந்து ஜீப்பில் வண்டன்மேடு பக்கம் ஏலக்காய் எடுக்கப் போகிறேன். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குச் சோதித்துக்கொள்ளச் சொல்கிறார் நர்ஸ். வலிக்குமா? புண் இருந்தால் கர்ப்பப்பையையே எடுத்துவிடுவார்களாமே? ஏற்கெனவே எடுத்துவிட்ட அக்காவுக்கும் சோதனை வேண்டுமா?

பதில்: ஊசி, மயக்க மருந்து எதுவும் கிடையாதும்மா. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கிக்கொள்வீர்கள். வாத்து அலகு மாதிரி ஸ்பெகுலம் என்றொரு கருவியை உள்ளே வைப்பார்கள். அப்போது இறுக்கமாக இருக்கும். வாயால் மூச்சு விட்டால் தளரும். வினிகர் வகைத் திரவத்தைப் பஞ்சில் தொட்டுக் கர்ப்பப்பை வாயில் வைத்து ஒரு நிமிடம் பார்ப்பார்கள். பாப் ஸ்மியர் என்றால் சின்ன பிரஷ்ஷால் தேய்த்தெடுத்து லேபுக்கு அனுப்புவார்கள். மாதவிலக்கு நாளில் போகாதீர்கள். இரண்டு நாள் முன்பிருந்தே உறவும், உள்ளே வைக்கும் மாத்திரையும் வேண்டாம். அன்று லேசாக ரத்தம் கசியலாம், மறுநாள் ஜீப் ஏறலாம்.

என் கவலை அதற்குப் பிறகுதான். ஒரு ஸ்கேன் தாளைக் காட்டி, "கர்ப்பப்பை வாயில் புண், விட்டால் கேன்சர், தவணையில் கட்டுங்கள்" என்று ஆபரேஷனுக்கு நாள் குறிக்கிற ஆட்கள் உண்டு. கமிஷன் வாங்குபவர் பக்கத்து வீட்டுக்காரராகவே இருப்பார். சிவந்து தெரிகிற புண்ணெல்லாம் புற்று இல்லை. இந்த நோயின் ஆரம்பம் ஸ்கேனில் தெரியாது. இதற்குக் காரணமான எச்.பி.வி. என்ற கிருமி தொற்றிப் புற்றாக மாறப் பொதுவாக 15-20 வருடம் பிடிக்கும். திரவம் வைத்த இடத்தில் வெள்ளைத் திட்டு தெரிந்தால் கால்போஸ்கோப் என்ற, பெரிதாக்கிக் காட்டும் கருவியில் பார்த்து, தேவைப்பட்டால் துணுக்கு எடுத்துச் சோதிப்பார்கள்; அதுதான் பயாப்சி. முற்றாத மாற்றத்தை உறைய வைத்தோ சுட்டோ போக்கிவிடலாம், கர்ப்பப்பை அதன் இடத்திலேயே இருக்கும். பயாப்சி ரிப்போர்ட் கைக்கு வராமல், புற்று என்று யார் சொன்னாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

அக்காவின் டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடச் சொல்லுங்கள். சிலருக்குக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டு வாயை மட்டும் விட்டிருப்பார்கள். அப்படியானால் அவருக்கும் சோதனை வேண்டும். புற்றில்லாத கட்டிக்காகவோ அதிக உதிரப்போக்குக்காகவோ வாயோடு சேர்த்து எடுத்திருந்தால் வேண்டாம். புற்றுக்கு முந்தைய மாற்றம் இருந்து எடுத்திருந்தால், வாய் இல்லாவிட்டாலும் தொடர்ந்து பார்க்க வேண்டும். சீட்டு தொலைந்துவிட்டதா? ஸ்பெகுலம் வைத்தால் வாய் இருக்கிறதா இல்லையா என்பதாவது தெரிந்துவிடும்.

30 முதல் 65 வயது வரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்கிறது அரசுத் திட்டம். விடியுமுன் மலை மெட்டு ஏறுகிறவள் காலை ஓ.பி.க்கு எப்படி வருவாள் என்று மட்டும் யாரும் யோசிப்பதில்லை! ஒரு நாள் கூலி போகும், போகட்டும். முடிவைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். உறவுக்குப் பின் ரத்தமோ, நாற்றத்தோடு வெள்ளைப்படுதலோ இருந்தால் முகாம் வரட்டும் என்று காத்திருக்காமல் தேனி க.விலக்கு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு நேரே போய்விடுங்கள்.