பிக்மி மார்மோசெட் குரங்கையும் நாக்டிலூகா என்ற கடல் நுண்ணுயிரியையும் எதை வைத்து ஒப்பிடுவது?

அளவை வைத்து ஒப்பிட்டால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. அமேசான் காட்டுக் குரங்கான பிக்மி மார்மோசெட் சுமார் 120 கிராம், கோடானுகோடி செல்கள். 2019 ஆகஸ்டில் திருவான்மியூர் அலைகளை நீலமாக ஒளிரவைத்த நாக்டிலூகா ஒரே செல். ஆனாலும் அரை மில்லிமீட்டர் அளவில் வெறும் கண்ணுக்கே புள்ளியாகத் தெரியும்.

சாப்பாட்டைப் பாருங்கள், அதுதான் சுவாரசியம். மார்மோசெட் கீழ்ப்பற்களால் மரப்பட்டையைத் துளைத்து, ஊறும் பிசினை நக்கும். நாக்டிலூகாவுக்குப் பல்லும் இல்லை, குடலும் இல்லை. பிசுபிசுப்பான உணர்கொம்பில் டையாட்டம் என்ற நுண்பாசி, மீன் முட்டைகளை ஒட்டவைத்து அப்படியே விழுங்கி, செல்லுக்குள்ளேயே செரிக்கும்.

குரங்கின் நரம்பில் ஓடுவது போன்ற மின்துடிப்பு இந்த ஒற்றைச் செல்லிலும் உண்டு. அலை மோதியதும் துடிப்பு பரவி, ஒளிரும் நுண்பைகளில் அமிலத்தன்மை கூடும். லூசிஃபெரேஸ் நொதி வேலை செய்து நீல ஒளி மின்னும். அழகுதான். ஆனால் நாக்டிலூகா மிகுதியாகப் பெருகினால் அம்மோனியா சேரும், ஆக்சிஜன் குறையும், மீன்கள் மடியும்.