கடைவீதி கேள்வி – பதில்: இரண்டாவது பாக்கெட்டை விற்பது சோறு

கேள்வி: சொந்த வயலில் மாப்பிள்ளைச் சம்பாவும் தூயமல்லியும் விளைவித்து, கிலோ பாக்கெட்டாக விற்கிறோம். ஆசையாக வாங்குகிறவர்கள் மறுபடி கேட்பதில்லை. பாக்கெட் டிசைனை மாற்றலாமா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: டிசைன் முதல் பாக்கெட்டைத்தான் விற்கும். அடுத்ததை விற்பது சோறு. மாப்பிள்ளைச் சம்பா தவிடு போகாத மோட்டா சிவப்பரிசி. பொன்னி மாதிரி அரை மணி ஊறவைத்து மூன்று விசில் விட்டால் விதை விதையாக நிற்கும். சாப்பிட்டவர் சமைத்தவரைத் திட்டமாட்டார். உங்கள் அரிசியைத்தான் திட்டுவார்.

ஆகவே முன்பக்கத்தில் மாட்டு வண்டிப் படம் வேண்டாம் (எல்லார் பாக்கெட்டிலும் அதே மாடுதான்). அந்த இடத்தில் சமையல் குறிப்பைப் பெரிய எழுத்தில் போடுங்கள்: ‘இரவே ஊறவையுங்கள், 8 மணி நேரம். ஒரு டம்ளருக்கு மூன்றரை டம்ளர் தண்ணீர். முதல் விசில் வந்ததும் சிம்மில் 20 நிமிடம்.’ இது தோராயக் கணக்கு. புழுங்கலா பச்சையா, புதுசா பழசா என்பதைப் பொறுத்து தண்ணீர் மாறும். உங்கள் அரிசியையே வடித்துப் பார்த்துவிட்டு அச்சுக்குக் கொடுங்கள். தூயமல்லி சன்ன ரகம். அதற்கு இவ்வளவு தண்ணீர் விட்டால் குழைந்துவிடும், தனிக் குறிப்பு வேண்டும்.

அடுத்தது வண்டும் சிக்கு வாடையும். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் தீட்டாத அரிசி சீக்கிரம் காறிப்போகும். நெல்லாகவே வைத்திருந்து, ஆர்டருக்குத் தக்கபடி மாதாமாதம் அரையுங்கள். பாக்கெட் போட்ட மாதம், எடை, எம்ஆர்பி, முகவரி, எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) தரும் 14 இலக்க உரிம எண் எல்லாம் எப்படியும் சட்டப்படி வேண்டும்; ‘அரைத்த மாதம்’ என்று ஒரு வரி கூடச் சேர்த்தால் நம்பிக்கை கூடும். ‘சர்க்கரை நோய் தீரும்’ என்று மட்டும் அச்சடித்துவிடாதீர்கள், அது குற்றம்.

விலையைக் குறைக்காதீர்கள். 10 ரூபாய் தள்ளினால் அடுத்த மாதமும் அந்த விலைதான் கேட்பார்கள். பூக்காரம்மா முழம் போட்டபின் நாலு பூ கூட விட்டு நறுக்குகிறாரே, அந்தக் கொசுறுதான் சரியான வழி. மாப்பிள்ளைச் சம்பா வாங்குகிறவருக்கு ஒரு டம்ளர் தூயமல்லியைச் சின்னக் கவரில் போட்டுக் கொடுங்கள். விலையும் இறங்காது, இரண்டாவது ரகமும் அந்த வீட்டு அடுப்பில் ஏறும்.

பெயர் விஷயம்: ‘தஞ்சை’, ‘டெல்டா’ போன்ற ஊர்ப்பெயரை மட்டும் வைத்தால் டிரேட்மார்க் கிடைப்பது கஷ்டம். போனில் ஒரே தடவை சொல்லி, எதிர்முனையில் பிழையில்லாமல் எழுத முடிகிற பெயராகப் பாருங்கள். டிரேட்மார்க் பட்டியலில் அரிசிக்கு 30ஆம் வகுப்பு; தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பிக்க 4,500 ரூபாய்; பதிவானால் 10 ஆண்டு செல்லும்.

கேள்வி: திருவாரூர் பைபாஸில் காபிக்கடை போடுகிறேன். ‘கும்பகோணம் டிகிரி காபி’ என்றே பலகை வைக்கலாமா?
– வாசகர், திருவாரூர்

பதில்: வைக்கலாம், நெடுஞ்சாலையில் பத்தில் ஒன்றாக நிற்பீர்கள். அதைச் சின்ன எழுத்தில் கீழே போட்டு, மேலே உங்கள் கடைப் பெயரை எழுதுங்கள். பித்தளை டபரா இன்று எல்லா இடத்திலும் உண்டு. தண்ணீர் கலக்காத பாலும், காலையில் இறக்கிய டிகாக்ஷனை மாலைக்குச் சுட வைக்காததும்தான் வித்தியாசம் காட்டும். காபித்தூளையும் பாக்கெட்டில் விற்பதானால் சிக்கரி எத்தனை சதவீதம் என்று அச்சிட்டே ஆகவேண்டும். 49க்கு மேல் போகக்கூடாது.