மரபணுக்கள் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு காசநோய்க் கிருமி கொல்கிறது, மற்றொன்று சாதுவாக இருக்கிறது. ஏன்?

மரபணு இருந்தால் மட்டும் போதாது, அது வேலை செய்ய வேண்டும். இதற்கு நல்ல சாட்சி ஆய்வகங்களில் வளரும் ஒரு ஜோடி. 1905இல் அமெரிக்காவின் சாரனாக் லேக்கில் ஒரு நோயாளியிடமிருந்து எடுத்த எச்37 என்ற கிருமியிலிருந்து, 1930களில் இரு வகைகள் பிரித்தெடுக்கப்பட்டன. எச்37ஆர்வி கினிப்பன்றியைக் கொல்லும், எச்37ஆர்ஏ கொல்லாது.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடுகளில் எனக்கு மிகவும் சுவையாகப் படுவது ஃபோபி என்ற புரதத்தில் நேர்ந்தது. பல மரபணுக்களை முடுக்கிவிடும் மேலாளர் அது. ஆர்ஏ வகையில் அதன் 219ஆம் இடத்தில் செரீன் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் லியூசின் என்ற வேறொன்று உட்கார்ந்திருக்கிறது. ஓர் எழுத்துப் பிழை, அவ்வளவுதான். ஆனால் அந்த இடம் டிஎன்ஏவைப் பற்றும் பகுதியில் இருப்பதால் பிடி தளர்கிறது. சுரப்புக்குத் தேவையான எஸ்பிஏ உள்ளிட்ட மரபணுக்களின் வெளிப்பாடு, அதாவது அவை வேலை செய்யும் அளவு, குறைகிறது. விளைவு விசித்திரமானது: ஈசாட்-6 என்ற ஆயுதத்தைக் கிருமி தயாரிக்கிறது, வெளியே அனுப்பத்தான் முடியவில்லை. நம் உடலின் விழுங்கணுக்கள் கிருமியை அடைத்துவைக்கும் பையைக் கிழிக்க உதவுவதே அந்த ஈசாட்-6.

சரியான ஃபோபி மரபணுவைச் செலுத்தினால் ஈசாட்-6 சுரப்பு திரும்புகிறது. நோயுண்டாக்கும் வீரியமோ ஓரளவுதான் திரும்புகிறது. ஆகவே ‘வீரிய மரபணு’ என்று ஒன்றை மட்டும் சுட்டிக்காட்டுபவரை நம்பாதீர்கள்.

ஆக்சிஜன் குறைந்தால் டாஸ்ஆர் என்ற இன்னொரு மேலாளர் சுமார் 50 மரபணுக்களை எழுப்பிவிடுகிறது. அது தாக்குவதற்கன்று, பதுங்கிக் கிடப்பதற்கு.