வாசகர் கேள்வி–பதில்: மேற்கு வெயிலும் மொட்டை மாடியும்

கேள்வி: திருச்சிக்கு அருகே 30-க்கு 50 அடியில் மேற்குப் பார்த்த மனை வாங்கியிருக்கிறோம். தெருப்பக்கம் முழுவதும் கண்ணாடி பதித்தால் எடுப்பாக இருக்கும் என்கிறார் எங்கள் பொறியாளர். மின்கட்டணம் குறையும்படியான பசுமை வீடாகக் கட்ட வேண்டும் என்பது எங்கள் ஆசை. எதிலிருந்து தொடங்குவது?
– ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: அந்தக் கண்ணாடியை வேண்டாம் என்று சொல்வதிலிருந்து தொடங்குங்கள். திருச்சியில் ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் நண்பகல் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கிறது. இடைப்பட்ட நான்கு மாதங்களில் சற்றே வடக்கிலும், மற்ற மாதங்களில் தெற்கிலும் சாய்ந்திருக்கிறது. டிசம்பர் நண்பகலில் தெற்குச் சன்னலுக்கு மேலே இரண்டடி நீட்டிய சன்ஷேட், சுவரில் ஏறக்குறைய மூன்றடி ஆழத்துக்கு நிழல் தரும். அதே இரண்டடி சன்ஷேட்டை மேற்குச் சுவரில் வைத்துச் சித்திரை மாத மாலை நாலரை மணிக்குப் பாருங்கள்: ஓரடி நிழல்தான் விழும், மீதிச் சன்னல் முழுவதும் வெயிலில் காயும். தாழ்ந்து வரும் மேற்கு வெயிலைக் கிடைமட்டமான சன்ஷேட்டால் தடுக்க இயலாது என்பதால்தான், அந்தப் பக்கத்துக்குக் கண்ணாடி எவ்வகையிலும் பொருந்தாது என்கிறேன்.

மனை மேற்குப் பார்த்தது என்பதற்காக வரவேற்பறையையும் படுக்கையறையையும் மேற்கே வைக்க வேண்டியதில்லை. மாடிப்படி, குளியலறை, சாமான் அறை ஆகியவற்றை அந்தப் பக்கம் நிறுத்தினால், பிற்பகல் வெப்பத்தை அவை வாங்கிக்கொள்ளும். வாசலுக்கு ஆழமான ஒரு திண்ணையும், இடமிருந்தால் முன்புறம் ஒரு புங்க மரமும் வைத்துவிட்டால் தெருப்பக்கத்து எடுப்புக்கும் குறை வராது.

சுவரைவிடப் பெரிய சிக்கல் கூரை. பகல் முழுவதும் வெயிலைக் குடித்த ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் அந்த வெப்பத்தை இரவில்தான் அறைக்குள் இறக்குகிறது. பத்து மணிக்கு மின்விசிறியைப் போட்டால் அனல் காற்று வருவதற்குக் காரணம் இதுவே. தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டுத் தட்டை ஓடு பதிக்கும் பழைய முறையைச் செலவு என்று பலர் கைவிட்டுவிட்டனர். அதைச் செய்து, மேலே வெள்ளை பூசுங்கள். புழுதி படிந்தால் வெள்ளையின் பயன் குறைந்துவிடும் என்பதால் ஆண்டுதோறும் கோடைக்கு முன் கழுவிவிட வேண்டும். மத்திய மின் அமைச்சகம் 2018-ல் வெளியிட்ட ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ என்னும் குடியிருப்பு விதித்தொகுப்பு, கூரை வழியே கடக்கும் வெப்பத்துக்குச் சதுர மீட்டருக்கு, வெளியிலும் உள்ளேயும் உள்ள வெப்பநிலையில் ஒரு பாகை வேறுபாட்டுக்கு, 1.2 வாட் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. வெறும் கான்கிரீட் தளம் அதை வெகுவாக மீறிவிடும். 500 சதுர மீட்டருக்குக் குறையாத மனைகளுக்கே அந்த விதி என்பதால் உங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் வெயில் மனையின் அளவைப் பார்த்து அடிப்பதில்லை.

அதே தொகுப்பில் இன்னொரு கணக்கும் உண்டு. வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த பகுதிகளில், திறக்கக்கூடிய சன்னல் பரப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். 10-க்கு 12 அடி அறைக்கு 20 சதுர அடி. நகரும் கதவுச் சன்னலில் பாதிதான் திறக்கும் என்பதை நினைவில் வைத்து, இருபுறமும் விரியத் திறக்கும் சன்னலையே கேளுங்கள்.

கேள்வி: செட்டிநாட்டு வீடுகளைப் போல நடுவில் முற்றம் வைத்தால் வீடு குளிருமா?
– ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: முற்றம் மட்டும் அந்த வீடுகளைக் குளிர்விக்கவில்லை. தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் நீளம், வாசல் முதல் கொல்லை வரை நேர்கோட்டில் அமைந்த கதவுகள், தடித்த சுவர்கள், சுண்ணாம்புப் பூச்சு ஆகிய அனைத்தும் சேர்ந்தே அதைச் செய்தன. இன்று ஆறடிக்கு ஆறடி திறப்பு விட்டு, மழைக்கும் குரங்குக்கும் பயந்து அதைப் பாலிகார்பனேட் தகட்டால் மூடிவிடுகிறார்கள். வெயில் இறங்கும், சூடேறிய காற்று வெளியேறாது. அது முற்றமல்ல, அடுப்பு. திறந்து வைக்க முடியாது என்றால் முற்றமே வேண்டாம்.

கேள்வி: ஆரோவில்லில் பார்த்த மண் கற்களைக் கொண்டு எங்கள் ஊரில் வீடு கட்ட விரும்புகிறேன். எங்கள் மண்ணையே பயன்படுத்தலாமா?
– ஒரு வாசகர், கோவில்பட்டி

பதில்: உங்கள் ஊர் கரிசல் மண் என்பதால் தயங்குகிறேன். அழுத்தி வார்க்கும் மண் கற்களுக்கு மணலும் அளவான களிமண்ணும் கலந்த மண் வேண்டும். அதில் சுமார் 5 விழுக்காடு சிமெண்ட் சேர்த்து, அச்சில் அழுத்தி, நான்கு வாரம் நீர் தெளித்துப் பதப்படுத்துவார்கள். சூளையே தேவைப்படாததுதான் இதன் பெரிய இலாபம். ஆனால் கரிசல், ஈரத்தில் உப்பிக் காய்ந்தால் வெடிக்கும் மண். சோதிக்க விரும்பினால் கண்ணாடிப் புட்டியில் ஒரு கைப்பிடி மண்ணைப் போட்டு, நீரூற்றிக் குலுக்கி வையுங்கள். மணல் உடனே அடியில் தங்கிவிடும். நெடுநேரம் கலங்கலாகவே நின்றால் களி மிகுதி என்று பொருள்.

செம்மண்ணை அறுபது மைல் லாரியில் ஏற்றி வந்து மண் வீடு கட்டுவதற்குப் பொருளில்லை. அருகே தூத்துக்குடியில் அனல்மின் நிலையம் இருப்பதால், நிலக்கரி எரிந்த சாம்பலில் செய்யும் சாம்பல் கற்களை விசாரியுங்கள். அவற்றுக்கும் சூளை வேண்டாம். கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய எலிப்பொறிக் கட்டு முறையில் கற்களைக் குத்தாக நிறுத்தினால், ஒன்பது அங்குலச் சுவரின் நடுவே மூன்று அங்குல வெற்றிடம் கிடைத்து வெப்பத்தைத் தடுக்கும்; கல்லும் ஏறக்குறைய கால் பங்கு மிச்சமாகும். அளவு பிசகாத கல் இதற்கு அவசியம், சாம்பல் கல் அந்த வகையிலும் தோதானது. இந்தக் கட்டு பழகாத கொத்தனாராக இருந்தால், வீட்டுச் சுவரில் கை வைக்குமுன் ஐந்தடி நீளத்துக்குச் சுற்றுச்சுவரில் ஒருமுறை கட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.